வராத கேமுக்கு முன்கூட்டியே காசு: கிரவுட் ஃபண்டிங்கை நம்ம ஊர்க் கணக்கில் பார்ப்போம்

இலங்கை மலையகத்தில், ஹட்டன் டவுனில் ஒரு கொமினிகேசன் கடை. தீபாவளிக்கு முந்திய சனிக்கிழமை. போட்டோகொப்பிக்காக ஆட்கள் வரிசையில் நிற்க, கடைப் பையன் தன் லெப்டொப்பைத் திருப்பி, தான் செய்துகொண்டிருக்கிற கேமை எனக்குக் காட்டினான். இரவு, மூடுபனி, தேயிலை மலை. சிமினி லாம்பைத் தூக்கிக்கொண்டு ஒரு சிறுமி, தோட்டத்து வரிசை வீடுகளான லயத்திலிருந்து ஸ்டோர் பக்கமாக இறங்குகிறாள். (தேயிலைத் தொழிற்சாலையைத்தான் நாங்கள் ஸ்டோர் என்போம், வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன்.) உள்ளே இயந்திரத்துக்குப் பக்கத்தில், ஸ்டோரின் காவல் தெய்வமான ரோதமுனி காத்திருக்கிறார். லாம்பு வெளிச்சம் விழுகிற இடத்தில் மட்டும் செடி பச்சையாகத் தெரியும், மற்றதெல்லாம் சாம்பல் நிறம். நாலு நிமிடம் ஓடி, திரை கறுத்துப் போனது.

"இதுக்கு மேல செய்யக் காசு வேணும்ணே. இன்டர்நெட்ல சனங்ககிட்ட கேக்கலாம்னு இருக்கேன்" என்றான்.

வரிசையில் நின்றவர்கள் காதிலும் அது விழுந்தது. "ஏன் தம்பி, பிச்சையா எடுக்கப் போற?" என்றார் ஒருவர். "சீட்டு மாதிரியா?" என்றார் ஒரு அக்கா. இன்னொருவர், லாபத்தில் எத்தனை பங்கு என்று கேட்டார். கடைசியில் நின்ற ஐயா குரலைத் தாழ்த்தி, "பிரமிட்டுனு புடிச்சிட்டுப் போயிருவாங்க, பாத்துக்க" என்றார்.

பையன் சொன்னதன் பெயர் கிரவுட் ஃபண்டிங். நாலு ஊகமும் தவறு. ஆனால் அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். கேமே விளையாடி வளர்ந்த பட்டணத்துப் பிள்ளைகளும் இதில் இதே அளவு குழம்பிப் போகிறார்கள். அந்த நாலு பேரும் செய்ததைப் போலவே, தெரிந்த காசிலிருந்து தெரியாத காசுக்குப் போய்ப் பார்ப்போம்.

நமக்குத் தெரிந்த நாலு காசு

முதலில் தீபாவளி அட்வான்ஸ். தோட்டத்தில் வாங்குகிறோம்; பிறகு மாதாமாதம் சம்பளத்தில் பிடித்துக்கொள்கிறார்கள். பெயர்தான் அட்வான்ஸ், உண்மையில் அது கடன். கிரவுட் ஃபண்டிங்கில் வாங்கிய காசைத் திருப்பிக் கட்டும் வேலை இல்லை. எனவே இது அது இல்லை.

சீட்டில் பத்துப் பேர் போட்ட காசு சுற்றி வந்து பத்துப் பேருக்கும் ஒருமுறை கிடைக்கும். போட்டது காசு, எடுப்பதும் காசு. இதுவும் அது இல்லை.

கோயில் திருவிழா வசூல் கொஞ்சம் நெருங்கி வருகிறது. ரசீதுப் புத்தகத்தோடு கமிட்டிக்காரர்கள் லயம் லயமாக வருவார்கள். கார்பன் தாளின் நீலம் விரலில் ஒட்டியிருக்கும். ஐந்நூறு கொடுத்தவர் பெயர் மைக்கில் வரும், பத்தாயிரம் கொடுத்தவர் பெயர் டியூப் லைட்டில் 'உபயம்' என்று ஏறும். இன்னும் நடக்காத ஒன்றுக்குப் பலர் சேர்ந்து, அவரவர் சக்திக்குத் தக்கபடி, முன்கூட்டியே கொடுக்கிறார்கள். கிரவுட் ஃபண்டிங்கின் பாதி உருவம் இது.

மறுபாதி தையல் கடையில் இருக்கிறது. துணியும் முற்பணமும் கொடுத்துவிட்டு வருகிறோம். சட்டை இன்னும் இல்லை, தையல்காரர் மீது நம்பிக்கை மட்டும் இருக்கிறது. தீபாவளிக்கு முதல் நாள் இரவு பத்து மணி வரை அவர் கடை வாசலில் நின்றவர்களுக்கு அந்த நம்பிக்கையின் எடை தெரியும். ஒரு வித்தியாசத்தையும் கவனியுங்கள். தையல்காரர் ஆயிரம் சட்டை தைத்தவர், உங்கள் சட்டைக்கு எத்தனை நாள் பிடிக்கும் என்பது அவருக்குத் தெரியும் (சொல்கிற தேதி வேறு விஷயம்). கேம் செய்பவரோ இதுவரை யாரும் தைக்காத சட்டையைத் தைக்கிறார்.

பிரமிட் என்று பயந்த ஐயாவுக்கும் ஒரு பதில் வேண்டும். பிரமிட் திட்டத்தில் எந்தப் பொருளும் உருவாவதில்லை. பின்னால் சேர்ந்தவரின் காசு முன்னால் சேர்ந்தவருக்குப் போகும். இலங்கையில் வங்கிச் சட்டப்படி அது தடை. கிரவுட் ஃபண்டிங்கில் ஆள் சேர்த்தால் கமிஷன் என்ற பேச்சே இல்லை. யாராவது "கேமுக்குக் காசு போடுங்கள், மாதம் இத்தனை வீதம் வட்டி" என்று கேட்டால் கையை எடுத்துவிடுங்கள். அது வைப்புப் பணம் திரட்டுவது. 2011ஆம் ஆண்டின் நிதித்தொழில் சட்டப்படி மத்திய வங்கியின் அனுமதி இல்லாமல் அதைச் செய்ய முடியாது.

இதுவரை பார்த்ததை வைத்து ஒரு வரைவிலக்கணம்: கிரவுட் ஃபண்டிங் என்றால், இன்னும் செய்து முடியாத ஒன்றுக்காக, முன்பின் அறியாத பலரிடம் சிறு சிறு தொகையாக முன்கூட்டியே வாங்குவது. கொடுப்பவரை பேக்கர் என்பார்கள். பதிலுக்கு அவருக்குக் கிடைப்பது ரிவார்ட்: பெரும்பாலும் கேமின் ஒரு பிரதி, கூடக் கொடுத்தால் பெயர்ப் பட்டியலில் ஓர் இடம், ஒரு படப் புத்தகம். வட்டி இல்லை, லாபப் பங்கும் இல்லை.

காசு எதற்குப் போகிறது? 'பேர்' கணக்கு

கேம் என்பது கம்ப்யூட்டருக்குள் இருப்பதுதானே, அதற்கு இத்தனை லட்சமா? நான் அடிக்கடி கேட்கிற கேள்வி இது. இதற்குத் தோட்டக் கணக்கைவிட நல்ல பதில் கிடையாது.

தோட்டத்தில் ஒரு நாள் வேலையை 'பேர்' என்கிறோம். கொழுந்து நிறை சரியாக இருந்தால் முழுப் பேர், குறைந்தால் அரைப் பேர். ஒரு கேமின் செலவும் ஏறத்தாழ முழுக்கவே பேர்தான். மூலப்பொருள் கிடையாது, கூலி மட்டும். எத்தனை ஆள், எத்தனை மாதம் என்று பெருக்கினால் முக்கால்வாசிச் செலவு தெரிந்துவிடும்.

கடைப் பையனின் கேமையே எடுத்துக்கொள்வோம் (இலக்கங்கள் கணக்குக்காக நான் போட்டவை). நிரல் எழுத ஒருவர், படம் வரைய ஒருவர், இசைக்கும் ஒலிக்கும் அரை ஆள். ஆளுக்கு மாதம் 150,000 ரூபா. 18 மாதம். மொத்தம் 6,750,000 ரூபா. கம்ப்யூட்டர், இணையம், சோதித்துப் பார்க்கும் செலவு என்று இன்னொரு 750,000 ரூபா சேர்த்தால் 75 லட்சம். டொலர் 300 ரூபா என்று வைத்தால் 25,000 டொலர்.

அப்படியானால் 25,000 டொலர் கேட்டால் போதுமா? போதாது. இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். கிக்ஸ்டார்ட்டர் போன்ற, இப்படிக் காசு திரட்ட உதவும் இணையத்தளம் திரண்ட தொகையில் 5 சதவீதம் எடுத்துக்கொள்ளும். அட்டைவழிக் கொடுப்பனவுக்கு இன்னும் 3 முதல் 5 சதவீதம். சிலருடைய அட்டையில் காசு இருக்காது, அவர்கள் தொகை வராமலே போகும். டீ சர்ட், புத்தகம் என்று ரிவார்ட் வைத்தால் அவற்றைச் செய்யவும் தபாலில் அனுப்பவும் செலவு. எல்லாம் சேர்ந்து ஐந்தில் ஒரு பங்கை விழுங்கிவிடும் என்று வைத்தால், கையில் 25,000 நிற்க, கேட்க வேண்டியது 31,250 டொலர். வரி இன்னும் கணக்கில் வரவில்லை.

தலைக்கு 20 டொலர் என்றால் கிட்டத்தட்ட 1,600 பேர் வேண்டும். தோட்டத்தில் எங்கள் பிரிவான டிவிசனில் அத்தனை ஆள் கிடையாது.

முழுசாக வந்தால்தான் காசு

கிக்ஸ்டார்ட்டர் அமெரிக்காவில் 2009இல் தொடங்கியது. அதன் விதி எளிமையானது: ஓர் இலக்குத் தொகையும் ஒரு முடிவுத் தேதியும் அறிவிக்க வேண்டும். அதிகபட்சம் 60 நாள். அந்தத் தேதிக்குள் இலக்கைத் தொட்டால்தான் பேக்கர்களின் அட்டையிலிருந்து காசு கழியும். ஒரு டொலர் குறைந்தாலும் யாரிடமும் ஒரு சதமும் எடுக்க மாட்டார்கள்.

கேட்பதற்குக் கொடுமையாக இருக்கும். திருவிழாவை நினைத்துப் பாருங்கள். பாதி வசூலோடு தொடங்கினால் பந்தல் நிற்கும், தேர் இராது; கொடுத்தவர்களுக்கும் மனக்குறை, கமிட்டிக்கும் கடன். அந்த அரைகுறை நிலையைத் தவிர்க்கத்தான் இந்த விதி. வந்ததை எடுத்துக்கொள்ள விடும் தளங்களும் உண்டு. 2008இல் வந்த இன்டிகோகோ அந்த வழியைத் திறந்துவைத்தது. அங்கே காசு கொடுக்குமுன் "பாதிதான் வந்தால் என்ன செய்வார்கள்?" என்று பக்கத்தைத் தேடிப் படிப்பது நல்லது.

ஆபத்து இதன் மறுபக்கத்தில் இருக்கிறது. இலக்கைத் தொடாவிட்டால் ஒன்றுமே இல்லை என்பதால், பலர் உண்மையான செலவைச் சொல்லப் பயந்து குறைத்துக் கேட்கிறார்கள். 31,000 தேவைப்படுகிறவர் 10,000 கேட்பார். 10,000 வந்துவிடும். வெற்றி என்று கைதட்டுவார்கள். ஆறாம் மாதம் காசு தீரும். இலக்கைத் தொட்டதும் 'வெற்றி' என்று அந்தப் பக்கத்தில் பச்சையாகத் தெரிவது வசூலின் வெற்றி மட்டும்தான், கேம் இன்னும் பிறக்கவே இல்லை.

பழைய பழக்கம்தான்

இதை இணையம் கண்டுபிடித்ததாக நினைக்க வேண்டாம். 1887இல் உ.வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியை அச்சேற்றக் 'கையொப்பம்' வாங்கினார். புத்தகம் வருமுன்னே, வாங்கிக்கொள்வதாகவும் பொருள் தருவதாகவும் ஒப்புக்கொண்டு பெயர் எழுதியவர்கள் கையொப்பக்காரர்கள். பேக்கருக்குத் தமிழ்ச் சொல் தேடுகிறவர்கள் வேறெங்கும் அலைய வேண்டாம்! அதே காலத்தில், 1885இல், நியூயோர்க்கின் சுதந்திர தேவி சிலைக்குப் பீடம் கட்டக் காசு போதவில்லை. ஜோசப் புலிட்சர் தன் பத்திரிகை மூலம் கேட்டு, ஒரு லட்சம் டொலருக்கு மேல் திரட்டினார். கொடுத்தவர்களில் பெரும்பாலோர் ஒரு டொலருக்கும் குறைவாகவே கொடுத்தார்கள்.

வீடியோ கேமுக்கு இந்த வழி பெரிதாகத் திறந்தது 2012 பெப்ரவரியில். டிம் ஷேஃபரின் டபுள் ஃபைன் நிறுவனம் கிக்ஸ்டார்ட்டரில் 400,000 டொலர் கேட்டது. 87,000 பேருக்கு மேல் சேர்ந்து 33 லட்சம் டொலர் கொடுத்தார்கள். அதுவரை கேம் செய்பவர், வெளியீட்டு நிறுவனத்தின் கதவைத் தட்ட வேண்டும். அவர்கள் 'விற்காது' என்றால் கதை முடிந்தது. விளையாடுகிறவர்களே நேரடியாகக் காசு கொடுப்பார்கள் என்பது அன்று எல்லோருக்கும் தெரிந்துபோனது.

அந்தக் கதையின் அடுத்த பாகத்தைப் பலர் சொல்வதில்லை. கேட்டதைவிட எட்டு மடங்கு வந்தும் காசு பற்றவில்லை. காசு பெருகப் பெருக கேமின் திட்டமும் பெருத்தது. கடைசியில் 'புரோக்கன் ஏஜ்' என்ற அந்தக் கேமை இரண்டாகப் பிரித்து, முதல் பாதியை 2014 ஜனவரியில் விற்று, அந்தக் காசையும் சேர்த்துத்தான் இரண்டாம் பாதியை முடித்தார்கள். அது வந்தது 2015 ஏப்ரலில்.

வந்தவையும் வராதவையும்

எனக்குப் பிடித்த உதாரணங்கள் சிறியவை. 'அண்டர்டேல்' 2013இல் 5,000 டொலர் கேட்டு 51,000 டொலர் பெற்றது. டோபி ஃபொக்ஸ் அதில் பெரும்பகுதியைத் தனியாளாகச் செய்து 2015இல் வெளியிட்டார். 'ஹொலோ நைட்' 2014இல் 35,000 ஆஸ்திரேலிய டொலர் கேட்டு 57,000 பெற்றது, 2017இல் வந்தது. இரண்டுக்கும் காசு கொடுத்தவர்கள் இரண்டாயிரத்துச் சொச்சம் பேர்தான். உலகம் முழுக்க விற்ற கேம்கள் இரண்டும், முதலில் ஒரு பெரிய தோட்டத்தின் சனத்தொகை அளவு ஆட்களை நம்பித் தொடங்கியவை. 'அண்டர்டேல்' விளையாடிப் பார்க்கக்கூடிய ஒரு பகுதியை முன்பே காட்டியது. முழுக் கேமின் சிறு மாதிரியான அதைத்தான் டெமோ என்கிறோம். இரண்டும் சொன்ன தேதிக்கு வரவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

வராதவையும் உண்டு. 'யோக்வென்ச்சர்ஸ்' 2012இல் 567,000 டொலர் திரட்டி 2014இல் கைவிடப்பட்டது. 'ஸ்டார் சிட்டிசன்' வேறொரு ரகம்: 2012இல் தொடங்கியது, 2024க்குள் திரண்ட தொகை 70 கோடி டொலரைத் தாண்டிவிட்டது, அப்போதும் கேம் முடியவில்லை. பாதிக் கேமை விளையாட முடிகிறது, சனம் இன்னும் காசு கொடுக்கிறது. அதை மோசடி என்பவரும் உண்டு, தங்களுக்குத் திருப்தி என்பவரும் உண்டு. இரண்டு தரப்பையும் ஒரே மேசையில் உட்கார வைக்காதீர்கள்.

நானும் ஒருமுறை 25 டொலர் கொடுத்தேன். ஒரு வருடம் மாதாமாதம் கடிதம் வந்தது, பிறகு மூன்று மாதத்துக்கு ஒன்று, பிறகு ஒன்றும் இல்லை. இரண்டு வருடம் கழித்து, படம் வரைந்தவர் விலகிவிட்டார், மன்னிக்கவும் என்று நாலு வரி. கோபம் வரவில்லை. இது கடையில் வாங்கிய சாமான் என்று நினைத்திருந்தால் வந்திருக்கும்.

சட்டநிலையையும் இங்கே சொல்லிவிடலாம். காசு வாங்கியவர் சொன்னதைச் செய்து கொடுக்கக் கடமைப்பட்டவர் என்றுதான் கிக்ஸ்டார்ட்டரின் விதியும் சொல்கிறது. ஆனால் தளம் உத்தரவாதம் தராது, காசையும் திருப்பித் தராது. தகராறு உங்களுக்கும் அவருக்கும் இடையில்தான். 25 டொலருக்காக ஹட்டனிலிருந்து யார் வெளிநாட்டில் வழக்குப் போடப் போகிறார்கள்?

கூடுதல் இலக்கு என்ற ஆசை

திருவிழாக் கமிட்டி மைக்கில் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். மூன்று லட்சம் சேர்ந்தால் திருவிழா. நாலு சேர்ந்தால் நாதஸ்வரம். ஐந்து சேர்ந்தால் கொழும்பிலிருந்து இசைக்குழு. கேம் உலகில் இதன் பெயர் ஸ்ட்ரெட்ச் கோல்: இலக்கைத் தாண்டி வரும் காசுக்கு, கூடுதலாக இன்னதைச் செய்வோம் என்ற வாக்குறுதி. இசைக்குழு ஓர் இரவில் முடிந்துவிடும். கேமில் சேர்க்கும் ஒரு புதுப் பாத்திரம் ஒரு வருடப் பேரைத் தின்னும்.

'ஷவல் நைட்' 2013இல் 75,000 டொலர் கேட்டு 311,000 பெற்றது. கேம் மறுவருடம் ஜூனிலேயே வந்தது. நல்ல பெயரும் எடுத்தது. ஆனால் ஸ்ட்ரெட்ச் கோலாகச் சொன்ன கூடுதல் பாகங்களைக் கொடுத்து முடிக்க 2019 டிசம்பர் ஆனது. கேம் நன்றாக விற்றதால் தப்பித்தார்கள். 'ஹொலோ நைட்' குழு இன்னொரு பாத்திரமாகவும் விளையாடலாம் என்று சொன்ன ஸ்ட்ரெட்ச் கோல், தனிக் கேமாகவே வளர்ந்து, 'சில்க்சோங்' என்ற பெயரில் 2025 செப்டம்பரில் வந்தது. வாக்குக் கொடுத்துப் பதினொரு வருடம்.

சுருக்கமாக: இலக்குத் தொகை குறைவாக இருந்தால் காசு தீரும், வாக்குறுதி கூடினால் காலம் தீரும். கெட்ட எண்ணத்தால் நின்ற கேம்களைவிட, இந்தத் தப்புக் கணக்கால் நின்றவைதான் அதிகம் என்பது என் எண்ணம்.

இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்வது

ஏர்லி அக்செஸ் வேறு. அதில் முடியாத கேமை முடியாதது என்று சொல்லியே விற்பார்கள். வாங்கிய அன்றே அந்த அரைக் கேமை விளையாடலாம். கம்ப்யூட்டர் கேம் விற்கும் ஸ்டீம் என்ற இணையக் கடை 2013இல் இதற்குத் தனிப் பிரிவு தொடங்கியது.

மாத நன்கொடையும் வேறு. 'டுவார்ஃப் ஃபோர்ட்ரஸ்' என்ற கேமை இரண்டு சகோதரர்கள் 2006இலிருந்து இலவசமாகக் கொடுத்து, விளையாடுகிறவர்கள் மனமுவந்து தந்த காசில் பல வருடம் வாழ்ந்தார்கள். வீட்டில் நோய் வந்து மருத்துவச் செலவுப் பயம் பிடித்த பிறகுதான் விலை போட்டு விற்கும் முடிவுக்கு வந்தார்கள். அந்தப் பதிப்பு 2022 டிசம்பரில் வந்தது. லாபப் பங்கு கொடுக்கும் தளங்களும் அமெரிக்காவில் உண்டு, ஆனால் அது முதலீட்டுச் சட்டத்தின் கீழ் வரும் தனிக் கதை.

மலையகத்திலிருந்து கேட்டால்

கிக்ஸ்டார்ட்டரில் யாரும் காசு கொடுக்கலாம். கேட்க முடிவது, தளம் ஏற்றுக்கொண்ட நாடுகளில் வசிப்பவர் மட்டும். அந்தப் பட்டியலில் சிங்கப்பூர், ஜப்பான் உண்டு, இலங்கை இல்லை. பேபாலில் இங்கிருந்து பணம் செலுத்தலாம், இங்கே பெற முடியாது என்பதும் பல வருடமாக இழுபடுகிற குறை.

எனவே பலர் பிடிக்கும் வழி, வெளிநாட்டிலுள்ள சொந்தக்காரர் பெயரில் தொடங்குவது. யாழ்ப்பாணத்துப் பையனுக்கு டொரொண்டோவில் ஒரு மாமா இருப்பார். எங்களுக்கு, அதிகம் போனால் கொழும்பில் கடையில் நிற்கிற அண்ணன் இருப்பார். 1964 இலங்கை-இந்திய ஒப்பந்தத்துக்குப் பிறகு நீலகிரிக்குப் போன சொந்தங்கள் உண்டு, ஆனால் இந்தியாவும் அந்தப் பட்டியலில் இல்லை. ஆள் கிடைத்தாலும், காசு அவர் கணக்கில் விழும். வரியும் ஒப்பந்தப் பொறுப்பும் அவர் தலையில். கேம் வராவிட்டால் பேக்கர்கள் திட்டுவதும் அவரைத்தான். இதை முன்பே உட்கார்ந்து எழுத்தில் பேசிக்கொள்ளாமல் "மாமா பாத்துக்குவாரு" என்று தொடங்கினால், கேமோடு சேர்ந்து உறவும் போகும்.

நாணய மாற்று இன்னொரு தலைவலி. 2022 மார்ச் ஆரம்பத்தில் டொலர் 200 ரூபா அளவில் நின்றது, மே மாதம் 360ஐத் தொட்டது. அந்த நேரத்தில் ரூபாவில் கணக்குப் போட்டவர், கம்ப்யூட்டர் வாங்கப் போன கடையில் விலையைக் கேட்டுத் திரும்பி வந்தார். டொலரில் திரட்டி இங்கே ரூபாவில் செலவழிப்பவருக்கு அதே அலை லாபமாகவும் அடிக்கும், மறுவருடம் திருப்பியும் அடிக்கும்.

கடைப் பையனிடம் போன வாரம் மறுபடி போனேன். கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு சீஆர் கொப்பி கிடந்தது. முதல் பக்கத்தில் 'இலக்கு 10,000 டொலர்' என்று எழுதி அடித்திருந்தான். கீழே 31,250, அதையும் அடித்திருந்தான். அதற்கும் கீழே, 'ஸ்டோர் மட்டும். மலை வேணாம். 2 ஆள், 6 மாசம்' என்று எழுதி, பக்கத்தில் பெருக்கிக் கழித்துப் பார்த்திருந்தான். முதலில் டெமோவை இலவசமாகப் போடப் போகிறானாம். பிடித்துப்போய் மின்னஞ்சல் கொடுப்பவர்கள் ஐந்நூறு பேராவது சேர்ந்த பிறகுதான் காசு கேட்பானாம்.

"ரோதமுனி இருக்காராடா?" என்று கேட்டேன்.

"அவரு இல்லாம எப்புடிண்ணே? மூடுபனியத்தான் கொறைச்சிருக்கேன், அத வரையத்தான் ரொம்ப நாள் புடிக்குது" என்றான்.